உங்களுக்குத் தெரியுமா? குறிகட்டுவானோடு நின்றுவிடும் தீயணைப்பு வாகனம்

யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் தீயணைப்பு வாகனம், எவ்வளவு புதியதாயினும், தன் சொந்தச் சக்கரங்களில் நெடுந்தீவையோ நயினாதீவையோ சென்றடைய முடியாது. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகச் செல்லும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிட, அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம் எஞ்சுகிறது.

• இலங்கையில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பாகும். தாம்போதி, அதாவது ஆழமற்ற கடலை ஊடறுத்துக் கல்லும் மண்ணும் இட்டு உயர்த்திய வீதி, இருப்பதால் ஊர்காவற்றுறை போன்ற இடங்களுக்கு யாழ்ப்பாண நகரின் வாகனம் நேரே போய்விடும்.

• 4,000 லீற்றர் நீர் நிரம்பிய தாங்கியில் நீரின் எடை மட்டுமே 4 தொன். வண்டியின் எடை வேறு. இதைப் படகில் ஏற்றுவதைவிட, நால்வர் தூக்கிச் செல்லக்கூடிய கையடக்க நீர்ப்பம்பியைத் தீவிலேயே வைத்திருப்பது நடைமுறைக்கு உகந்தது.

• சுற்றிலும் கடல் இருக்க நீருக்கு என்ன குறை என்று தோன்றலாம். கடல்நீரும் தீயை அணைக்கும். ஆனால் உப்பு உலோகத்தை அரிப்பதால், பயன்படுத்தியபின் பம்பியையும் குழாய்களையும் நன்னீரால் கழுவியாக வேண்டும். பல கிணறுகள் உவர்ந்துபோன நெடுந்தீவில் அரிதானது அந்த நன்னீரே.

• இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள சார்க் தீவில் மோட்டார் கார்களுக்குத் தடை இருப்பதால், தீயணைப்பு வண்டியை உழவு இயந்திரமே இழுத்துச் செல்கிறது. வெனிஸ் நகரத் தீயணைப்பாளர்களுக்கோ படகுதான் வாகனம்.