நெல்லின் ஈரம் சொல்லும் ஒளி

நெல் வியாபாரத்தில் பழுத்தவர்கள் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தே காய்ச்சல் சொல்லிவிடுவார்கள். அனுபவம் பெரிதுதான். ஆனால் பல்லுக்குத் தெரியாத ஒன்றிரண்டு சதவிகிதத்தில்தான் நமது லாபம் கரைகிறது.

கணக்கைப் பாருங்கள். 17 சதவிகித ஈரமுள்ள நெல் 100 குவிண்டால் வாங்குகிறோம். அதை 14 சதவிகிதத்துக்குக் காய வைத்தால் 3 குவிண்டால் குறையும் என்று பலரும் விலை போடுகிறார்கள். உண்மையில் குறைவது சுமார் 3½ குவிண்டால். 50 கிலோ கைநஷ்டம்! வாங்கும்போது ஈரம் 18 ஆக இருந்து, நாம் 17 என்று எண்ணியிருந்தால் மேலும் 116 கிலோ போகும். ஈரத்தோடு அடுக்கினால் மூட்டை சூடேறிப் பூசணம் பிடிப்பது தனி நஷ்டம்.

இந்த ஈரத்தை ஒளியால் அளக்கும் முறை ஒன்று உண்டு. சிவப்பு நிறத்தை அடுத்து, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. அதில் 1450, 1940 நானோமீட்டர் அலைநீளங்களை நீர் நன்றாக உறிஞ்சிவிடும். தானியத்தின் மீது பாய்ச்சிய ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து, கருவி சில நொடிகளில் ஈரத்தைக் கணக்கிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் பொறியாளர் கார்ல் நாரிஸ் 1960-களில் இதற்கு வழிகாட்டினார். மேல்நாடுகளில் தீவனப் பயிர் அறுக்கும் இயந்திரத்திலேயே இதைப் பொருத்தி, வயலில் அறுக்க அறுக்க ஈரத்தை அளக்கிறார்கள்.

நம் கடைகளில் உள்ள சாதாரண ஈரமானிகள் பெரும்பாலும் மின்சார குணத்தை வைத்து அளப்பவை. எந்தக் கருவியானாலும், அடுப்பில் உலர்த்தி எடை பார்த்த மாதிரியோடு ஒப்பிட்டுச் சரி செய்திருக்க வேண்டும். நெல்லுக்குச் சரி செய்தது மக்காச்சோளத்துக்கு உதவாது.

வணிக அன்பர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. திரும்பி வரும் ஒளியை அளக்கும் கருவி மேலாக உள்ள தானியத்தையே பார்க்கும். பனி ஈரம் பட்ட நெல்லில் கணக்குத் தவறும். ஆகவே குத்தூசியால் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, இரண்டு மூன்று முறை அளந்து சராசரி பாருங்கள்.

அளவை விவசாயியின் கண் முன்னாலேயே காட்டுங்கள். ஈரத்துக்கு நாம் விலை கொடுக்க வேண்டாம்; ஈரம் என்று சொல்லி அவர் விலையைக் குறைக்கவும் வேண்டாம். அடுத்த போகத்துக்கும் அவர் நம் கடைக்கே வருவார்.