இரும்புக்குள் ஓர் உயிர்

தம்பி! நள்ளிரவில் நம் ரெட்டியார்பாளையத்தைக் கடந்து, விழுப்புரம் சாலையில் விரையும் லாரியின் உறுமலைக் கேட்டிருப்பாய். ஏற்றிய சரக்கின் விலையை முதலாளி அறிவார். ஓட்டிச் செல்பவன் உயிருக்கு என்ன விலை என்று எவர் கேட்டார்?

விஞ்ஞானம் கேட்டது! அவசரத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கும், திருப்பினாலும் திரும்பாது. ஏ.பி.எஸ். கருவியோ, அந்தப் பிடியை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. ஸ்டியரிங் ஓட்டுநரின் சொல் கேட்கிறது.

சட்டமும் கேட்டது, சற்றுத் தாமதமாக! 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். "லாரிக்காரனுக்குக் குளுகுளு அறையா?" என்று கேலி பேசுவோர் உண்டு. எஞ்சின் அனலில் வெந்தவன் கண் அயர்ந்தால், சாவது அவன் மட்டுமா? அது சொகுசல்ல, காப்பு!

ஆனால், அதற்கு முன் செய்த லாரிகளை அந்த விதி தொடவில்லை. தூக்கமின்மைக்கோ எந்தக் கருவியிலும் மருந்தில்லை. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. ஏட்டில் எழுதிய அந்த எட்டு மணி, சாலைக்கு வரவேண்டும்.

கருவியும் வேண்டும், ஓய்வும் வேண்டும். சலுகையாக அல்ல தம்பி, உரிமையாக!