பொருள் கடல் தாண்டி வரும், திரும்பிப் போகுமா?
அந்தமானில் சூ வீட் கருவி வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோழியின் நெஞ்சுக்கறியை வேகவைக்கும்போது மேலே நார்நாராகிவிடும். நடுவே வெந்ததா இல்லையா என்று கத்தியால் கீறிப் பார்ப்போம். சூ வீட் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. கறியை உறையிலிட்டு, காற்றை வெளியேற்றி, 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் நிற்கும் தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடத்திவிட்டால் ஓரமும் நடுவும் ஒரே பதத்தில் வேகும். 1970களில் பிரான்சில் புரூனோ குசோ, ஜார்ஜ் பிராலூ ஆகியோர் வளர்த்தெடுத்த முறை இது. ஹோட்டல் சமையலறையில் இருந்தது, இப்போது கைக்கு அடக்கமான ஒரு கருவியாக வீட்டுக்கும் வந்துவிட்டது.

அந்தக் கருவியை ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது நம் போர்ட் பிளேரில், உட்கார்ந்தபடி ஆர்டர் செய்வது எளிது. சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் 2020ஆம் ஆண்டே வந்து சேர்ந்துவிட்டது. பார்சல் மட்டும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். பழுதானால் அது மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஆகவே தீவில் இருப்பவர் கருவியின் விலையைக் கேட்கும் முன் அது திரும்பிப் போகும் வழியைக் கேட்க வேண்டும்.

கருவியில் என்ன இருக்கிறது?

சர்குலேட்டர் எனப்படும் இந்தக் கருவி மூன்று வேலை செய்கிறது: தண்ணீரைச் சூடாக்கும், சுழற்றும், குறித்த சூட்டிலேயே நிறுத்தும். மூன்றாவது வேலைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வெந்நீர் ராடால் அதைச் செய்ய முடியாது, தண்ணீரைக் கொதிக்கவிட்டுவிடும். ராடை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு 800 முதல் 1,200 வாட் போதும். பாத்திரம் வீட்டில் இருக்கும் ஆழமான டேக்சாவே போதுமானது. காற்றை உறிஞ்சும் எந்திரமும் கட்டாயம் இல்லை. ஜிப் பையைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினால் தண்ணீரே காற்றை வெளியே தள்ளும், வாயை அப்போது மூடிவிடலாம். பை உணவுக்கும் சூட்டுக்கும் ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். கடையில் சாமான் போட்டுத் தரும் பை வேண்டாம்.

மின்சாரம்: முதல் ஆபத்து

தண்ணீரும் மின்சாரமும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி ஊருக்கு வரும்போது ஒன்றை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அந்தக் கருவியை நம் பிளக்கில் செருகினால் ஹீட்டர் ஏறக்குறைய நான்கு மடங்கு மின்சக்தியை இழுக்கும், சில நொடிகளில் கருகிவிடும். சிங்கப்பூர், வளைகுடாக் கருவிகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனாலும் பின்புறம் '220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று இருக்கிறதா எனப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, பயண அடாப்டர். மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு கிடையாது. கருவிக்குள் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் பாய்வதற்கு மீதமிருப்பது உங்கள் கை. மூன்று முள் பிளக் உள்ளதையே வாங்குங்கள். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டு இணைப்பில் இல்லையென்றால், கருவிக்கு முன் அதைப் பொருத்துங்கள். கடல்காற்று பிளக் முள்ளில் பச்சை பூக்கவைக்கும், மாதம் ஒருமுறை பார்த்துத் துடையுங்கள். பாத்திரத்தில் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

நம் தீவுகளுக்கு மெயின்லேண்டின் மின்தொகுப்போடு இணைப்பு இல்லை. பெரும்பகுதி மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. அதனால் கடைக்காரரிடம் இதையும் கேளுங்கள்: மின்சாரம் போய் வந்தால் கருவி தானாகத் தொடருமா, நின்றுபோனதைக் காட்டுமா? இரண்டும் இல்லாத கருவியை இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

கிருமி: கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். சூ வீட் இந்த எல்லையின் விளிம்பில் நடக்கும் சமையல். கோழிக்கறி 74 டிகிரியைத் தொட்டதுமே கிருமி செத்துவிடும். 60 டிகிரியில் என்றால், நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டிய பிறகும் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும். திரை 60 என்று காட்டும்போது தண்ணீர் 55-இல் இருந்தால் உங்கள் கணக்கு முழுவதும் பொய்.

எனவே தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் அது 0 காட்ட வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் கொதிநீரில் 100-ஐ ஒட்டிக் காட்டும். அதைக் கொண்டு கருவியைச் சோதித்துப் பார்க்கலாம்.

காற்றில்லாத பையில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இந்தச் சூட்டிலும் பிழைத்திருக்கும். சமைத்ததை உடனே சாப்பிடுங்கள். எடுத்துவைப்பதானால் பையோடு ஐஸ் தண்ணீரில் முக்கிக் குளிரவைத்து, அதன் பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போய், எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், கறியைக் கொட்டிவிடுங்கள்.

சூரை மீன் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிடித்த மீனை ஐஸில் வைக்காமல் விட்டால் அதில் ஹிஸ்டமின் சேரும். எந்தக் கருவியில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி போன்றவை அதன் அடையாளங்கள். கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகளுக்குக் குறைந்த சூட்டு மீனும் கறியும் வேண்டாம்.

உங்கள் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, மின்வணிக விதிகள் 2020 ஆகியவை தீவுகளுக்கும் பொருந்தும்.

• இறக்குமதிப் பொருளென்றால் இறக்குமதியாளர் பெயரும் உற்பத்தியான நாடும் விற்பனைப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.
• பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது.
• இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.
• பழுதான கருவியால் உடலுக்கோ வீட்டுக்கோ சேதம் வந்தால் உற்பத்தியாளரிடம் இழப்பீடு கேட்கலாம்.
• ஸ்வராஜ் தீவில் ஹோம்ஸ்டே நடத்துபவர் கவனிக்க: வணிகத்துக்கு வாங்கியதைச் சட்டம் ஏற்காது. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு.

ஆர்டர் செய்யுமுன் உங்கள் 744 பின்கோடைப் போட்டு, பொருள் வருமா என்பதோடு, திருப்பி எடுக்க வருவார்களா, சர்வீஸ் சென்டர் எங்கே, அனுப்பும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள்.

பழுதானால்

முதலில் விற்பவருக்கு மின்னஞ்சலில் புகார் எழுதுங்கள், போனில் பேசியதோடு நிறுத்த வேண்டாம். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இணையவழியாகவும் மனு செய்யலாம். பழுது ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

விற்பவர் சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். கருவி கப்பலேறிப் போகாமல் இங்கேயே கிடந்தாலும், விற்றவர் இந்தக் கரையில் உள்ள ஆணையத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு உங்கள் கையில் பில் இருக்க வேண்டும்.