கடிகாரம் யார் தருகிறார்?

ரேடார் நிலையங்களிலும் பழைய லீஸ்டு லைன்களிலும் சிங்க்ரனஸ் சீரியல் இணைப்பு இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஒரு லினக்ஸ் கணினியோடு சேர்க்க, கணினியின் பின்புறம் உள்ள காம் போர்ட் உதவாது. கடையில் கிடைக்கும் சாதாரண யூஎஸ்பி சீரியல் ஒயரும் உதவாது. அவை அசிங்க்ரனஸ் வகை. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னே ஒரு ஸ்டார்ட் பிட், பின்னே ஒரு ஸ்டாப் பிட். 8 பிட் தகவலை அனுப்ப 10 பிட் செலவாகும்.

சிங்க்ரனஸ் முறையில் தனிக் கம்பியில் கடிகாரத் துடிப்பு வருகிறது. நட்டுவனாரின் தட்டுக்கழிக்கு அடி வைப்பதுபோல, துடிப்புக்கு ஒரு பிட். ஒரு செய்தி (ஃபிரேம்) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பெரும்பாலும் எச்டிஎல்சி நெறிமுறைதான் அதைச் சொல்கிறது: 01111110 வந்தால் அது எல்லைக் கல். தகவலுக்குள்ளேயே ஆறு 1 வரிசையாக வந்துவிட்டால் குழப்பமாகிவிடும். ஆகவே ஐந்து 1 தொடர்ந்து போனதும் அனுப்பும் சில்லு ஒரு 0-வைச் செருகுகிறது. வாங்கும் சில்லு அதைப் பிடுங்கி எறிகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! இந்த வேலையைச் செய்யும் சில்லுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அந்தச் சில்லு உள்ள கார்டு வாங்கும்போது முதலில், கடிகாரம் யார் தருகிறார் என்று பாருங்கள். மோடம் தந்தால் கவலையில்லை. கார்டே தர வேண்டுமென்றால், அதிலுள்ள கிரிஸ்டலின் அதிர்வெண் உங்களுக்கு வேண்டிய வேகத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லாவிட்டால் விநாடிக்கு 64,000 பிட் கேட்ட இடத்தில் அதற்கு அருகிலுள்ள ஏதோ ஒரு வேகம்தான் கிடைக்கும். மறுமுனைக் கருவி கண்டிப்பானது என்றால் இணைப்பு தடுமாறும். அடுத்தது மின் இடைமுகம்: வி.35, எக்ஸ்.21, ஆர்எஸ்-422, ஆர்எஸ்-232 என்று எது மறுமுனையில் இருக்கிறதோ, அதற்கான கேபிளையும் சேர்த்தே வாங்குங்கள்.

என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியம் டிரைவர். லினக்ஸ் கெர்னலில் ஜெனரிக் எச்டிஎல்சி என்ற அடுக்கு உண்டு. அது கார்டை ஈதர்நெட் போல ஒரு நெட்வொர்க் இடைமுகமாகக் காட்டி, பிபிபி, ஃபிரேம் ரிலே ஆகிய நெறிமுறைகளைப் பார்த்துக்கொள்ளும். ரேடார் தகவலைப் படிப்பவருக்கு அது போதாது. ஃபிரேம்கள் அப்படியே பச்சையாகக் கைக்கு வர வேண்டும். மைக்ரோகேட் நிறுவனத்தின் சிங்க்லிங்க் ஜிடி வரிசைக் கார்டுகளின் டிரைவர் இரண்டு வழிக்கும் இடம் தருகிறது.

பழைய கார்டுகள் சிலவற்றின் டிரைவர்கள் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டன. தயாரிப்பாளர் தனியாகத் தரும் டிரைவரோ கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். விலை மலிவு என்று பழைய கார்டை வாங்கிவிடாதீர்கள். நீங்கள் ஓட்டப்போகும் கெர்னல் பதிப்பில் அதன் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.