தலைவலியோடு மேலே ஏறாதீங்க! கேதார்நாத் போறவங்க மூளையில் நடப்பது என்ன?

"சதுரகிரி, வெள்ளியங்கிரி எல்லாம் ஏறி இறங்கியாச்சு. கேதார்நாத் என்ன பிரமாதம்?" என்று கிளம்புகிறவர்கள் நம்ம ஊரில் நிறைய பேர். ஆனால் அங்கே சோதனை காலுக்கு மட்டும் இல்லை, மூளைக்கும்தான்.

தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா சிகரம் 8 ஆயிரத்து 650 அடி. கேதார்நாத் கோவில் இருப்பதோ 11 ஆயிரத்து 700 அடிக்கும் மேலே. அமர்நாத் குகை அதை விட ஆயிரம் அடி உயரம். சுமார் 8 ஆயிரம் அடியைத் தாண்டினாலே சிலருக்குத் தொல்லை ஆரம்பித்துவிடும்.

ஆக்சிஜன் எங்கே போகுது?

மெரினாவானாலும் இமயமலையானாலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போக காற்றின் அழுத்தம் குறையும். கேதார்நாத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

மூளை நம் எடையில் வெறும் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 5-ல் ஒரு பங்கு அதுக்கே வேண்டும். பற்றாக்குறை வந்ததும் மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தம் பாயும். தலை விண்விண்ணென்று தெறிக்கும். வாந்தி, தலைசுற்றல் வரும், தூக்கம் வராது.

முற்றினால், ரத்தக்குழாயில் இருந்து நீர் கசிந்து மூளை வீங்கிவிடும். குடிக்காதவரும் குடித்தவர் மாதிரி தள்ளாடுவார். பேச்சு குழறும். கவனிக்காவிட்டால் நினைவு தப்பி, ஒரே நாளில் உயிரே போகலாம்.

கூட வருபவர் கவனிக்க...

பாதிக்கப்படுவது மூளை என்பதால், அவருக்கே தன் நிலைமை புரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல, வாங்க போகலாம்" என்பார். நம்பாதீங்க. ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்க. தடுமாறினால், ராத்திரியானாலும் உடனே கீழே இறக்குங்க. ஆக்சிஜன் சிலிண்டர் கொஞ்ச நேரம் தாங்கும். இறங்குவதுதான் முக்கிய மருந்து.

10 ஆயிரம் அடிக்கு மேலே, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 1,600 அடிக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் கவுரிகுண்டில் இருந்து கேதார்நாத்துக்கு ஒரே நாளில் 5 ஆயிரம் அடி ஏறுகிறோம். ஹெலிகாப்டரில் போனால் சில நிமிடத்தில்! அதனால் வழியில் ஒரு நாளாவது தங்கிப் போங்க. இள வயசு, ஜிம் உடம்பு என்றாலும் விதிவிலக்கு இல்லை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைப் பாருங்க.

தரிசனம் தள்ளிப் போனால் பரவாயில்லை. சாமி அடுத்த வருஷமும் அங்கேதான் இருப்பார்.