வசந்தப் புல்லும் குதிரைக் குளம்பும்

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது நாம் அறிந்த பழமொழி. அதன் முழுப் பொருளையும் எனக்கு உணர்த்தியது ஒரு மட்டக் குதிரை. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டிலே, ஒரு சிறு பண்ணையில் வசந்தகாலம் முழுவதும் தங்கி, அங்கிருந்த மூன்று மட்டக் குதிரைகளைப் பேணும் பணியில் நானும் பங்கு கொண்டிருந்தேன்.

விடிந்ததும் லாயத்தைத் திறப்போம். தண்ணீர் வைத்து, இலத்தியை அள்ளி, நனைந்த வைக்கோலை மாற்றுவோம். பின்பு ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்பில் அடைந்த மண்ணையும் கல்லையும் கொக்கியால் சுரண்டி எடுப்போம். பகற்பொழுது நீள நீளக் குதிரையின் குளிர்கால மயிர் உதிரும். குரப்பத்தால் தேய்த்தால் கை நிறைய வரும்.

ஏப்ரல் மாதத்தில் பண்ணைக்காரர் சில நாட்கள் வெளியூர் சென்றார். “காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மணி நேரம் மட்டுமே மேயவிடுங்கள், உறைபனி படிந்த நாளில் வெளியே விடவே வேண்டாம்” என்று சொல்லிப் போனார். குளிர்காலமெல்லாம் உலர்புல் தின்ற பிராணிகள் பசும்புல்லைக் கண்டு கனைத்தபோது என் மனம் இளகிவிட்டது. உறைபனியும் வெயிலும் மாறி மாறி வந்த அந்நாட்களில், பொழுது சாயும்வரை அவற்றை மேயவிட்டேன்.

நான்காம் நாள், மூத்த குதிரை நடக்க மறுத்தது. முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்னங்கால்களில் தாங்கி நின்றது. குளம்பைத் தொட்டேன், சுட்டது.

இதன் காரணம் யாது? புல் வெயிலில் சர்க்கரையை உண்டாக்கி, அதைக் கொண்டே வளர்கிறது. குளிர் ஏறக்குறைய 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுபோகும். ஆயினும் பகல் வெயிலில் சர்க்கரை உற்பத்தி நடக்கும். ஆகவே உறைபனிக்குப் பிந்திய குட்டைப்புல்லில் சர்க்கரை தேங்கி நிற்கும். வேல்ஸ் மட்டக் குதிரைகளோ மலைச்சரிவின் வறண்ட புல்லைத் தின்றே பிழைத்த இனம். செழித்த புல்லைத் தின்றால் அவற்றின் இரத்தத்தில் இன்சுலின் மிகுதியாகப் பெருகும். நலமான மட்டக் குதிரைகளின் உடலில் இன்சுலினை இடைவிடாது உயர்த்தி வைத்தால், மூன்று நாட்களுக்குள் இந்நோய் தோன்றுவதை 2007-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் காட்டினர்.

குளம்பின் கெட்டியான ஓட்டையும் உள்ளிருக்கும் எலும்பையும் புத்தகத் தாள்கள் போன்ற மெல்லிய ஏடுகள் பிணைக்கின்றன. நோயுற்றால் அவ்வேடுகள் தளர்கின்றன. குதிரையின் பாரம் அழுத்த, எலும்பு தன் நிலையிலிருந்து சரிகிறது. நோய் முற்றினால் அது உள்ளங்குளம்பையே துளைத்துவிடும்.

கால்நடை மருத்துவர் வலிக்கு மருந்து கொடுத்தார். தரையில் மெத்தெனத் தடித்த படுக்கை பரப்பச் சொன்னார். உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, கரைந்த சர்க்கரையை வடித்துவிட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதங்கள் அது லாயத்தைவிட்டு வெளிவரவில்லை. பண்ணைச் சிறுவர்கள் அவ்வாண்டு அதன்மீது ஏறவுமில்லை.

பண்ணைக்காரர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சிறு துளையிட்ட வாய்க்கூடை ஒன்றை என் கையில் தந்து, மற்ற இரண்டுக்கும் அதைக் கட்டும் முறையைக் காட்டினார். அன்றுமுதல் காலையில் எழுந்ததும், குதிரைகளைப் பார்க்கும் முன்னே, புல்லின்மீது உறைபனி படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது என் வழக்கமாயிற்று.