அச்சத்தின் உறைவிடம்

அஞ்சத்தக்க கதையை மாந்தர் விரும்பிப் படிப்பது ஏன்? அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ 1843 இல் வெளியிட்ட, 'காட்டிக்கொடுக்கும் இதயம்' எனத் தமிழிற் பெயர்க்கத்தக்க சிறுகதை இதற்கு விடை தருகின்றது. கதை சொல்வோன் முதியவர் ஒருவரைக் கொல்கின்றான். அவர்மீது பகையில்லை, அவர் பொன்மீது ஆசையுமில்லை. படலம் மூடிய அவரது வெளிறிய நீலக் கண்ணே அவனை வருத்துகின்றது. ஏழு இரவுகள் அறைக்கதவை மெல்லத் திறந்து நோக்கி, எட்டாம் இரவிற் கொன்று, உடலைத் தரைப்பலகையின்கீழ் மறைக்கின்றான். பொலிசார் ஐயமின்றி உரையாடிக்கொண்டிருக்கையில், இறந்தவரின் இதயத்துடிப்பு அவன் செவியில் ஓங்கி ஒலிக்கின்றது. தானே குற்றத்தை வெளியிடுகின்றான்.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் நிலைக்களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைக் கூறினார். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே உள்ளவை. போவின் கதையிலோ அச்சம் நெஞ்சினுள்ளேயே பிறக்கின்றது. கதை சொல்வோன் தான் பித்தனல்லன் என்று நிறுவவே தன் செயலை நிரல்பட விரிக்கின்றான். நாமும் அவனோடு ஒன்றிக் கதவருகே மூச்சடக்கி நிற்கின்றோம். கொலைஞனின் எண்ணத்தைப் பின்தொடர்தல் இத்துணை எளிதா என்னும் நடுக்கமே இக்கதையின் கவர்ச்சி. பேய்க்கதை படித்தோன் நூலை மூடியதும் அச்சம் நீங்குவான். இதனைப் படித்தோன் தன் நெஞ்சையே காவல்செய்யத் தொடங்குவான்.